அண்ணனின் மார்பளவு

மைதானத்தின் இரும்புக் கேட்டுக்கு வெளியே ஒரு வேப்பமரத்தடியில் நான் உட்கார்ந்திருந்தேன். மடியில் அண்ணனின் பை. பைக்குள் இரண்டு வாழைப்பழமும் ஒரு பாட்டில் குளுக்கோஸ் தண்ணீரும் இருந்தன. ராமநாதபுரத்து வெயிலுக்குக் காலை, மதியம் என்ற பேதமெல்லாம் கிடையாது. விடிந்த கையோடு தலையில் ஏறி உட்கார்ந்துகொள்ளும்.

உள்ளே போலீஸ் வேலைக்கு ஆள் எடுத்துக்கொண்டிருந்தார்கள். முதலில் உயரம் பார்ப்பார்கள், அடுத்து மார்பளவு, அது முடிந்த பிறகுதான் ஓட்டம். ஓடி முடித்த பையன்கள் ஒவ்வொருவராக வெளியே வந்துகொண்டிருந்தார்கள். பனியன் நனைந்து, கால் முட்டி வரைக்கும் செம்மண் அப்பியிருந்தது.

அண்ணன் மூச்சிரைக்காமல் நடந்து வந்தான். ஷூ இரண்டையும் கயிறு சேர்த்து முடிந்து தோளில் போட்டிருந்தான். புதுசாக வாங்கிய வெள்ளை ஷூ. அதில் ஒரு பொட்டு மண் இல்லை.

பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. இருந்தாலும் எழுந்து நின்றேன்.

"ஒரு சென்டிமீட்டர், மாரி," என்றான்.

"எதுலண்ணே? அதான் சதை ஏறிருச்சுல்ல?"

"சதையில இல்ல. மூச்சுல."

வாழைப்பழத்தை எடுத்து நீட்டினேன். வாங்கிக்கொண்டான். பேருந்து நிலையம் வரைக்கும் அதை உரிக்காமல் கையிலேயே வைத்திருந்தான்.

முதல் ஆசை யாருடையது

போன வாரம் இந்தத் தொடரில் என் போலீஸ் பயிற்சிப் பள்ளிக் கூத்தையெல்லாம் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு ஒரு வாசகி, "சின்ன வயசிலிருந்தே காக்கி மேல ஆசையா?" என்று கேட்டிருக்கிறார். இல்லை அம்மா. ஆசை என் அண்ணன் முனீசுக்கு. எனக்கு ஒரே ஒரு வயதுதான் மூத்தவன் என்பதால் அவன், இவன் என்றுதான் எழுத வருகிறது. மரியாதைக் குறைவாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

எங்கள் பூர்வீகம் அபிராமம் பக்கம். அய்யா டெம்போ ஓட்டப் பாம்பன், மண்டபம் என்று அலைந்ததால் உச்சிப்புளியில் வீடு பிடித்துத் தங்கிவிட்டோம். அம்மா வீட்டிலேயே ஜாக்கெட் தைப்பாள். கடற்படை ஹெலிகாப்டர் தலைக்கு மேலே போகும்போதெல்லாம் அண்ணன் எழுந்து நிற்பான். விறைப்பாக நிற்பதில் அவனுக்கு அப்படி ஒரு ஆசை.

காக்கி அவனுக்குச் சும்மா வந்த ஆசையில்லை. அய்யாவை ரோட்டில் நிறுத்தி யார் யாரோ ஏலே, வாலே என்று பேசுவதைச் சின்னதிலிருந்து டெம்போவின் முன்சீட்டில் உட்கார்ந்து பார்த்தவன் அவன். நம் வீட்டில் ஒருத்தன் யூனிஃபார்ம் போட்டுவிட்டால் அய்யாவை எவனும் அப்படிக் கூப்பிட மாட்டான் என்பது அவன் கணக்கு.

ஆண்களுக்கு மார்பளவு இரண்டு முறை எடுப்பார்கள். மூச்சை விட்டு இயல்பாக நிற்கும்போது எண்பத்தொரு சென்டிமீட்டர் இருக்க வேண்டும். பிறகு மூச்சை இழுத்துப் பிடித்தால் அதற்கு மேல் ஐந்து சென்டிமீட்டர் விரிய வேண்டும். பெண்களுக்கு இந்தத் தொல்லை இல்லை.

முதல் தடவை போனபோது அண்ணனுக்கு இயல்பான அளவில்தான் அடி விழுந்தது. எண்பதைக்கூட எட்டவில்லை. ஆனால் மூச்சை இழுத்தபோது ஏழு சென்டிமீட்டர் போனதாம். போகாதா பின்னே? எங்கள் ஊருணியில் முங்கினால், மேலே நிற்கிறவர்கள் பயந்துபோய்க் கத்தும் வரைக்கும் எழுந்திருக்க மாட்டான்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து, "தம்மு இருக்கு. சதைதான் இல்ல," என்றான். சரியாகத்தான் சொன்னான். அந்தச் சரியான வார்த்தைதான் எங்களைக் கவிழ்த்தது.

சதையை ஏமாற்றுகிற வித்தை

அடுத்த தேர்வுதான் அவனுக்கு வயது வரம்புக்குள் கடைசி. அதற்குள் நெஞ்சில் சதை போட்டாக வேண்டும். ராமேஸ்வரம் ரோட்டோரம் தகரக் கொட்டகை போட்டு ஹபீப் மாஸ்டர் ஒரு ஜிம் நடத்திக்கொண்டிருந்தார். அங்கே போய்ச் சேர்ந்தான்.

ஹபீப் மாஸ்டருக்குப் பெரியபட்டினம். சவூதி தம்மாமில் ஏசி மெக்கானிக்காக இருந்துவிட்டு, உடம்பும் கொஞ்சம் காசுமாக ஊர் திரும்பியவர். நல்ல மனுசர். யாரையும் ஊசி, மாத்திரைப் பக்கம் போகவிட மாட்டார். "அல்லாஹ் கொடுத்த உடம்பு தம்பி, அதுல மருந்த ஏத்தாதீக," என்பார். ஆனால் வித்தைகள் என்றால் அவருக்கு உயிர். போனில் நாளெல்லாம் வீடியோ பார்த்துப் புதுசு புதுசாகக் கொண்டுவருவார்.

"சும்மா பத்துத் தடவ தூக்கி வச்சா சதைக்குப் பழகிப் போயிரும். அத ஏமாத்தணும்," என்று அண்ணனிடம் சொன்னாராம்.

ஏமாற்றுவதற்கு அவரிடம் பல வழிகள் இருந்தன. டிராப் செட் என்பார். தூக்க முடியாமல் கை நடுங்கும்போது கொஞ்சம் எடையைக் கழற்றிவிட்டு ஓய்வில்லாமல் மறுபடி தூக்குவது, மறுபடி கழற்றுவது, மறுபடி தூக்குவது. சூப்பர் செட் என்றால் ஒரு பயிற்சி முடிந்த கையோடு மூச்சுவிடாமல் அடுத்தது. நெகட்டிவ் என்றால், ஏற்றிவிட ஒரு ஆள் வேண்டும். இறக்குவதை மட்டும் நாம் மெதுவாக, உயிர் போகிற மாதிரி இறக்க வேண்டும்.

அண்ணனோடு கூடவே செல்வம் என்று ஒருத்தனும் சேர்ந்தான். அவன் சிநேகிதன். அவனுக்கும் மார்பில் கொஞ்சம் குறைச்சல். ஆனால் செல்வம் வடிகட்டின சோம்பேறி. பெஞ்சில் படுத்து மூன்று செட் சாதாரணமாகத் தூக்குவான். தண்டால் எடுப்பான். பக்கத்துக் கடையில் நாலு பரோட்டா தின்றுவிட்டு வீட்டுக்குப் போய்விடுவான். மாஸ்டர் வித்தை சொல்லிக் கொடுக்க வந்தால், "நாளைக்குச் செய்யிறேன் மாஸ்டர்," என்பான். அந்த நாளை வரவே இல்லை.

அண்ணனுக்கு அவனைப் பார்த்தால் பாவமாக இருக்கும். "இவன் எங்கன தேறப் போறான்," என்று என்னிடம் வருத்தப்படுவான்.

நான் தட்டு கழற்றியது

ஜிம்மில் செய்தது போதாதென்று வீட்டு மொட்டை மாடியிலும் ஆரம்பித்தான். பழைய பெஞ்ச் ஒன்று, தண்ணிக் குழாய்க்குப் போடுகிற இரும்புப் பைப் ஒன்று. எடைக்குப் பெயிண்ட் டப்பாவில் சிமெண்ட் ஊற்றிக் காயவைத்து எடுத்த தட்டுகள். மேலே பூரான் சைஸுக்கு விரிசல் விட்டிருக்கும்.

டிராப் செட்டுக்குத் தட்டு கழற்ற இரண்டு பக்கமும் ஆள் வேண்டும். இருந்தது நான் ஒருத்திதான். இந்தப் பக்கம் ஒன்றைக் கழற்றிவிட்டு, பைப் சாய்வதற்குள் அந்தப் பக்கம் ஓடி அதைக் கழற்றுவேன். "வெரசா, வெரசா," என்று படுத்த வாக்கில் கத்துவான். நைட்டிக்கு மேலே துண்டைப் போட்டுக்கொண்டு சிமெண்ட் தட்டோடு நான் ஓடியதைப் பார்த்துப் பக்கத்து வீட்டு அக்கா சிரிக்காத நாளில்லை.

அய்யா ஒருநாள் மாடிக்கு வந்து பார்த்தார்.

"ஏலே முனீசு, வெயிட்டத் தூக்கத்தான் ஆசைன்னா எங்கூட வா. மீன் பெட்டி ஏத்தலாம். கூலியும் கெடைக்கும்."

"அது வேறய்யா. இது டெக்னிக்கு."

"என்னத்த டெக்னிக்கு. அந்தப் பிள்ளையப் போட்டுக் கொல்லுற," என்று சொல்லிவிட்டுக் கீழே போனார். போகும்போது தட்டு ஒன்றைக் காலால் ஓரமாக நகர்த்திவிட்டுப் போனார், யாராவது தடுக்கி விழக் கூடாதென்று.

முட்டை, அவித்த கொண்டைக்கடலை, சாளை மீன் எல்லாமே அண்ணன் தட்டுக்குத்தான் முதலில் போகும். நான் கோபித்துக்கொண்டதில்லை என்று சொன்னால் பொய். ஒருநாள் அவன் முட்டையை எடுத்துத் தின்றேவிட்டேன். அதற்கு அவன் அம்மாவிடம் போய்ச் சொன்னது என்ன தெரியுமா? "மாரிக்கும் ஒண்ணு சேத்து அவிம்மா, அவளும் தட்டுத் தூக்குறாள்ல."

அவன்தான் எனக்கும் போலீஸ் வேலைக்கு மனுப் போட்டவன். எழுத்துத் தேர்வுக்குப் படிக்கத் துணை வேண்டும், அதற்காக. நானும் சரி, தமிழ்ப் பாடம்தானே என்று படித்தேன். தொண்டைத்தண்ணி வற்ற அவன் எனக்குக் கேள்வி கேட்பான், நான் அவனுக்குக் கேட்பேன்.

மாலை அளவு

ஞாயிற்றுக்கிழமை தோறும் அம்மாவின் மஞ்சள் டேப்பைக் கொண்டு அண்ணன் மார்பை அளப்போம். சாயங்காலம் பயிற்சி முடிந்த கையோடு அளப்பதுதான் வழக்கம். அப்போதுதான் நான் மாடியில் இருப்பேன், டேப்பும் கையில் இருக்கும். நெஞ்சு புடைத்து நிற்கும். அவனும் தோளைப் பின்னால் தள்ளி நிமிர்ந்து நிற்பான். அளவு நன்றாக ஏறிக்கொண்டே வந்தது. எண்பத்திரண்டு, எண்பத்துமூன்று என்று நான் சத்தம் போட்டுச் சொல்ல, கீழே அம்மா மிஷினை நிறுத்திவிட்டுக் கேட்பாள்.

ஒரே ஒரு தடவை காலையில் எழுந்ததும் அளந்து பார்த்தோம். குறைவாக இருந்தது. டேப் நழுவியிருக்கும் என்று நான் சொன்னேன், ஆமாம் என்று அவனும் சொன்னான். அதற்குப் பிறகு காலையில் நாங்கள் அளக்கவில்லை.

ரத்தம் பாய்ந்து சதை வீங்கி நிற்பது ஒன்று, சதை வளர்வது வேறொன்று. வீக்கம் ராத்திரித் தூக்கத்தில் வடிந்துவிடும். இதெல்லாம் பயிற்சிப் பள்ளிக்குப் போன பிறகுதான் எனக்கு விளங்கியது. அந்த வித்தைகள் எல்லாமே பொய் என்று சொல்ல மாட்டேன். நேரம் இல்லாதவனுக்கு அவை நேரத்தை மிச்சம் பிடித்துக் கொடுக்கும். சலித்துப் போனவனுக்குப் புதுசாக இருக்கும். ஆனால் சாதாரணமாக, ஒழுங்காக, களைக்கிற வரைக்கும் தூக்கி, சாப்பிட்டு, தூங்குகிறவனைவிட அதனால் கூடுதலாகச் சதை போடுமா என்றால், நான் கண்ட வரையில் இல்லை. செல்வமும் எண்பத்திரண்டுக்கு வந்துவிட்டான், பரோட்டாவோடு.

இதைவிடப் பெரிய கோளாறு வேறு இடத்தில் இருந்தது. மூச்சை இழுத்து எவ்வளவு விரிகிறது என்று நாங்கள் ஒரு தடவைகூட அளக்கவில்லை. எதற்கு அளக்க வேண்டும்? அதுதான் முன்னாடியே ஏழு இருந்ததே. இல்லாததைத்தான் அளந்தோமே தவிர, இருந்ததை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

அண்ணனோ வீங்கின நெஞ்சோடு நடக்கப் பழகிவிட்டான். கடைக்குப் போனாலும் அப்படித்தான், சோற்றுக்கு உட்கார்ந்தாலும் அப்படித்தான். பாதி மூச்சு எப்போதும் உள்ளேயே நிற்கும். "என்னண்ணே, குத்துச்சண்டைக்கா போற?" என்று நான் கேலி செய்வேன். அவனுக்கு அது கேலியாகவே படாது.

சாதாரணமா நில்லு

அளவு நாளுக்கு முந்தின நாள் மாடியில் கடைசியாக ஒரு பெரிய டிராப் செட் போட்டான். நெஞ்சு நன்றாக எழும்பி நிற்கட்டும் என்று. நான்தான் தட்டு கழற்றினேன். மறுநாள் காலையில் சட்டை போடும்போது முகத்தைச் சுளித்தான்.

"வலிக்குதாண்ணே?"

"வலிச்சாத்தான் வளரும்," என்றான்.

உள்ளே நடந்ததைப் பஸ்ஸில் வரும்போது ஜன்னலைப் பார்த்தபடி சொன்னான். இயல்பான அளவு எண்பத்துமூன்று. டேப் பிடித்தவர், "நல்லா இருக்குப்பா," என்றுகூடச் சொன்னாராம். அப்புறம் மூச்சை இழுக்கச் சொன்னார். இழுத்திருக்கிறான். முந்தின நாள் வலி நெஞ்சைப் பிடித்தது. எண்பத்தேழு. நாலுதான்.

மறு அளவு கேட்டிருக்கிறான். கொடுத்தார்கள். டேப் பிடித்தவர் நல்லவர். "மூச்ச விட்டுட்டுச் சாதாரணமா நில்லுப்பா, நெஞ்சத் தூக்காத," என்று சொல்லியிருக்கிறார். ஆரம்ப அளவு இறங்கினால் விரிவு கூடும். எண்பத்திரண்டுக்கு இறங்கினாலே போதும், அவன் பாஸ்.

"நான் சாதாரணமாத்தான் நின்னேன் மாரி," என்றான். "அவரு திரும்பத் திரும்ப மூச்ச விடு, மூச்ச விடுங்கிறாரு. எனக்கு விட்டாச்சுன்னுதான் இருக்கு. விட வரல."

ஒன்றரை வருசமாக அவன் உடம்பு பாதி மூச்சை உள்ளே வைத்தே நின்று பழகியிருந்தது. அந்த நிமிசத்தில் வேறு மாதிரி நிற்க அதற்குத் தெரியவில்லை.

பக்கத்து வரிசையில் நின்ற செல்வம் தளர்ந்துபோய், எப்போதும் போலக் கூன் போட்டு நின்றிருக்கிறான். எண்பத்திரண்டு. இழுத்ததும் எண்பத்தெட்டு. ஓடப் போய்விட்டான். இப்போது அவன் சிவகங்கைப் பக்கம் ஒரு ஸ்டேஷனில் ஏட்டு.

யார் மேல் கோபப்படுவது என்று எனக்கு அன்றைக்கும் தெரியவில்லை, இன்றைக்கும் தெரியவில்லை. ஹபீப் மாஸ்டர் விஷயம் கேட்டு வீட்டுக்கே வந்துவிட்டார். நாற்காலியில் உட்கார மாட்டேன் என்று வாசலிலேயே நின்றார். "தம்பி நெஞ்சு கூடுனத மட்டும் பாத்தேன்மா, மூச்ச நெனைக்கவே இல்ல," என்று அம்மாவிடம் சொன்னார். அம்மா அவருக்கு டீ போட்டுக் கொடுத்தாள். நின்றபடியே குடித்துவிட்டுப் போனார்.

எனக்கு வந்த வேலை

பெண்களுக்கு அளவு வேறொரு நாள். நான் போகவில்லை என்றேன். அண்ணன் என்னை வலுக்கட்டாயமாகப் பஸ் ஏற்றினான். கேட்டுக்கு வெளியே அதே வேப்பமரத்தடியில் என் பையை மடியில் வைத்துக்கொண்டு அவன் உட்கார்ந்திருந்தான்.

உயரம் பாஸ். ஓட்டம் பாஸ். குண்டு எறியும்போது டீச்சர் மாதிரி இருந்த ஒரு அதிகாரி அம்மா, "கையில நல்ல வலு இருக்கே, என்னம்மா செஞ்ச?" என்று கேட்டார். தட்டு கழற்றினேன் என்று சொல்லவா முடியும்? சிரித்து வைத்தேன்.

வேலை வந்தது. வீட்டில் எல்லோருக்கும் சந்தோசம். அய்யாவை இப்போது எவனும் ஏலே என்று கூப்பிடுவதில்லை. ஸ்டேஷனில் போலீஸ்காரம்மா அப்பா என்று நாற்காலி போடுகிறார்கள். அண்ணன் ஆசைப்பட்டது அத்தனையும் நடந்தது, அவன் இல்லாமல்.

முதல் தடவை யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தபோது அவன்தான் என் பெல்ட்டைச் சரிசெய்தான். கண்ணாடிக்கு முன்னால் என்னை நிறுத்தி, "நெஞ்ச நிமித்தாத. இயல்பா நில்லு," என்றான். எனக்கு அழுகை வந்தது. அவனுக்கு வந்ததா என்று பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

காதுகுத்துச் சட்டை

அண்ணன் இப்போது ஷார்ஜாவில் ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தில் செக்யூரிட்டி. அங்கேயும் யூனிஃபார்ம் உண்டு, தொப்பியும் உண்டு. சேர்ந்த புதிதில் சல்யூட் அடிக்கிற மாதிரி ஒரு போட்டோ அனுப்பினான். கீழே 'குட்மார்னிங் மேடம்' என்று போட்டிருந்தான். ஸ்டேஷனில் எல்லோரிடமும் காட்டிச் சிரித்தேன். வீட்டுக்கு வந்த பிறகு அதே போட்டோவைப் பார்த்து அழுதேன். இரண்டும் உண்மைதான்.

என் மகளுக்குக் காதுகுத்து வைத்தோம். தாய்மாமன் மடி இல்லாமல் காது குத்த முடியுமா? லீவு போட்டு வந்துவிட்டான். அவனுக்கு ஒரு நல்ல சட்டை தைத்துக் கொடுக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. அம்மாவுக்குக் கண் மங்கிவிட்டதால் இப்போது வெளியில்தான் தைக்கக் கொடுக்கிறோம். அளவை மட்டும் நானே எடுத்துக்கொண்டு போகிறேன் என்று சொல்லிவிட்டு, அம்மாவின் தையல் டப்பாவிலிருந்து அந்த மஞ்சள் டேப்பை எடுத்தேன்.

மத்தியானச் சாப்பாடு முடிந்து பனியனோடு நின்றிருந்தான். டேப்பைப் பார்த்ததும், நான் சொல்லாமலே கையைத் தூக்கினான். சுற்றிப் பிடித்தேன். தோள் இறங்கி, வயிறு கொஞ்சம் தளர்ந்து, மூச்சு முழுசாக வெளியே போயிருந்தது. எண்பத்தாறு.

டேப்பை எடுத்திருக்கலாம். எனக்குக் கை வரவில்லை.

"மூச்ச இழுண்ணே," என்றேன்.

திரும்பிப் பார்த்தான். "சட்டைக்கு எதுக்கு?"

"இழு."

கண்ணை மூடி இழுத்தான். என் விரலுக்குள்ளே டேப் நழுவி நழுவி ஓடியது. அது நின்ற பிறகும் அவன் மூச்சை விடவில்லை. ஊருணியில் முங்கின மாதிரி அப்படியே நின்றான். நானும் போதும் என்று சொல்லவில்லை.

கடைசியில் அவனே விட்டான்.

"எவ்வளவு?"

"தொண்ணூத்திமூணு. ஏழு விரிஞ்சிருக்கு."

கொடியில் கிடந்த சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டான். நான் டேப்பை நீட்டியபடியே நின்றேன். என் கையிலிருந்து அதை வாங்கி, அம்மா சுற்றுகிற மாதிரியே இரண்டு விரலில் சுற்றி, டப்பாவுக்குள் வைத்து மூடினான்.

"டெய்லர்கிட்ட மொத அளவச் சொன்னாப் போதும் மாரி," என்றான்.